ஹெட்போன், இயர்போன்: ஒலித்தரமும் அணியும் வசதியும்

ஹெட்போன், இயர்போன் ஆகியவற்றின் தரத்தை மதிப்பிடுவது என்பது இரண்டு கேள்விகளுக்கு விடை காண்பதாகும். பதிவான ஒலியை அக்கருவி எவ்வளவு உண்மையாகத் தருகிறது என்பது ஒன்று. வலியும் சோர்வும் இல்லாமல் எவ்வளவு நேரம் அணிய முடிகிறது என்பது மற்றொன்று. இவை தனித்தனியானவை அல்ல. காதில் சரியாகப் பொருந்தாத இயர்போனில் தாழ்ந்த ஒலிகள் குறைந்துவிடும். அதை ஈடுகட்டக் கேட்பவர் ஒலியளவைக் கூட்டுவார். அதுவே நாளடைவில் கேட்கும் திறனைக் கெடுக்கும்.

வகைகள்

அமெரிக்கரான நத்தானியல் பால்டுவின் செய்த ஹெட்போன்களை அந்நாட்டுக் கடற்படை 1910இல் வாங்கத் தொடங்கியது. இசை கேட்பதற்கான ஸ்டீரியோ ஹெட்போனை ஜான் காஸ் 1958இல் அறிமுகப்படுத்தினார். 1979இல் வந்த சோனி வாக்மேன், நடந்துகொண்டே பாட்டுக் கேட்கும் பழக்கத்தை உலகெங்கும் பரப்பியது.

இன்று கிடைப்பவற்றை நான்காகப் பிரிக்கலாம்: காது மடலை முழுவதும் மூடுபவை, மடலின் மேல் அமர்பவை, காதின் வாயிலில் தங்குபவை, காதுத் துளைக்குள் ரப்பர் முனையுடன் பொருந்துபவை. முதல் வகையில் பின்புறம் திறந்தவையும் உண்டு. அவற்றில் ஒலி விரிந்து கேட்கும்; ஆனால் வெளிச்சத்தம் உள்ளே வரும், பாட்டும் வெளியே கசியும். வீட்டின் தனியறைக்கு அவை ஏற்றவை; பேருந்துக்கும் நூலகத்துக்கும் பொருந்தா.

எதனுடன் ஒப்பிடுவது?

ஒலித்தரத்தை மதிப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். ஒரு கருவியை இன்னொரு கருவியுடன் மட்டும் ஒப்பிட்டால், இரண்டும் தவறாக ஒலித்தாலும் தெரியாது. ஒலிபெருக்கி இல்லாமல் நேரில் கேட்ட இசையே நம்பத்தக்க அளவுகோல்.

கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில், தேவநாத சுவாமி கோயிலை ஒட்டி முகூர்த்த நாள்களில் ஏராளமான திருமணங்கள் நடக்கும். அருகருகே இரண்டு மூன்று மேளங்கள் ஒரே நேரத்தில் ஒலிப்பதுண்டு. அங்கே கண்ணை மூடி நின்றாலும் எந்த நாதசுவரம் பக்கத்தில், எது தொலைவில், எந்தத் தவில் இடப்பக்கம் என்று சொல்லிவிடலாம். ஒலி ஒரு காதைச் சற்று முன்னதாகவும் சற்று உரக்கவும் அடைவதைக் கொண்டு மூளை திசையை அறிகிறது. நல்ல ஸ்டீரியோப் பதிவை நல்ல ஹெட்போனில் கேட்டால் இந்தப் பிரித்தறியும் தன்மை ஓரளவு கிடைக்க வேண்டும். எல்லாக் கருவிகளும் ஒரே கூழாகக் கலந்து கேட்டால் அது குறைதான்.

பதிவும் நன்றாக இருக்க வேண்டும். இளையராஜா இசையமைத்த ‘பிரியா’ (1978) படப் பாடல்கள், தமிழில் ஸ்டீரியோ முறையில் பதிவானவற்றில் முற்பட்டவை. அதற்கு முந்தைய பாடல்கள் பெரும்பாலும் ஒற்றைத்தட ஒலிப்பதிவுகள். அவற்றில் இடம், வலம் பிரியவில்லை என்று ஹெட்போனைக் குறை சொல்லக் கூடாது.

எவற்றைக் கேட்டுச் சோதிக்கலாம்?

மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களைக் கேட்கும். வயது ஏற ஏற உச்ச அதிர்வெண்கள் கேட்பது குறையும். ஆகவே ஒரே கருவியைப் பற்றித் தாத்தாவும் பேரனும் வேறு கருத்துச் சொல்வதில் வியப்பில்லை. இந்த வீச்சின் பகுதிகளைச் சோதிக்க நம் இசைக்கருவிகளே போதும்.

மிருதங்கம்: இடந்தலையான தொப்பியில் ரவைப் பசை இடுவதால் அதன் ஒலி தாழ்ந்து, ஆழ்ந்து வரும். அந்த ஒலி கேட்டவுடன் அடங்க வேண்டும். ‘தொம்’ என்பது ‘தொம்ம்ம்’ என இழுபட்டால் கருவி தாழ்ந்த ஒலிகளை மிகைப்படுத்துகிறது என்று பொருள். வலந்தலையின் நடுவே கரிய பூச்சு உண்டு. சாதாரண முரசின் மேற்சுரங்கள் ஒழுங்கற்றவை. இப்பூச்சினால் மிருதங்கத்தின் மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தின் முழு எண் மடங்குகளை ஒட்டி அமைகின்றன. இதை ஆராய்ந்து விளக்கியவர் சர் சி. வி. ராமன். வலந்தலையில் சுருதி தெளிவாகக் கேட்காமல் வெறும் தட்டல் மட்டும் கேட்டால் இடை ஒலிகள் சரியில்லை.

தம்பூரா: குதிரையின் மேல் தந்திக்கு அடியில் வைக்கும் நூலால் அதில் ரீங்காரம் எழுகிறது. அந்த ரீங்காரம் பல மேற்சுரங்களின் கூட்டு. மங்கிய கருவியில் அது மறைந்துவிடும். உச்ச ஒலியை மிகைப்படுத்தும் கருவியில் ஈ மொய்ப்பது போல உறுத்தும்.

மனிதக் குரல்: பழகிய பாடகரின் குரலில் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் காதைக் குத்துகின்றனவா, குரல் பெட்டிக்குள்ளிருந்து வருவது போல உள்ளதா என்று கவனிக்கலாம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது ஒலியளவு சமமாக இருக்க வேண்டும். சற்று உரக்க ஒலிப்பதே நன்றாக இருப்பதாகக் காதுக்குத் தோன்றும். குறைந்த ஒலியளவில் தாழ்ந்த சுரங்களைக் காது குறைவாக உணர்கிறது என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே காட்டினர். கடையில் முழு ஒலியளவில் கேட்டு மயங்குவதற்கு இதுவே காரணம்.

அட்டையில் அச்சிட்ட எண்கள்

‘20 – 20,000 ஹெர்ட்ஸ்’ என்று எழுதியிருப்பதால் மட்டும் பயனில்லை. அந்த வீச்சில் எந்த அதிர்வெண் எத்தனை டெசிபல் கூடுகிறது அல்லது குறைகிறது என்று சொன்னால்தான் அதற்குப் பொருள் உண்டு. ஒலி எழுப்பும் பகுதியின் விட்டம் பெரிதாக இருந்தால் ஒலியும் சிறக்கும் என்பதும் உண்மையன்று. மின்மறுப்பு ஓம் அளவில் தரப்படும். 16 முதல் 32 ஓம் வரை உள்ளவை பொதுவாகக் கைப்பேசியில் போதிய அளவு ஒலிக்கும். 250, 300 ஓம் கொண்டவற்றுக்குத் தனிப் பெருக்கி தேவைப்படலாம். புளூடூத் கருவியில் திரைப்படம் பார்த்து, உதட்டசைவும் பேச்சும் ஒத்துப்போகின்றனவா என்று சோதிப்பது நல்லது.

அணியும் வசதி

கடையில் இரண்டு நிமிடம் அணிந்து பார்ப்பது போதாது. குறை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குப் பிறகே தெரியும். கவனிக்க வேண்டியவை: தலையில் உணரும் எடை, இருபுறமும் அழுத்தும் விசை, மெத்தையின் பொருள். கடலூர் போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில் செயற்கைத் தோல் மெத்தை விரைவில் வியர்க்கும். துணி மெத்தைக்குள் காற்றுப் புகும், ஆனால் வெளிச்சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது. மூக்குக்கண்ணாடி அணிபவருக்கு அதன் காம்பு அழுந்தும். அங்கே ஏற்படும் சிறு இடைவெளி வழியாகத் தாழ்ந்த ஒலியும் கசியும். கம்மல், தோடு அணிபவர்கள் அவற்றுடனேயே அணிந்து பார்க்க வேண்டும்.

துளைக்குள் பொருந்தும் இயர்போனுடன் பல அளவு ரப்பர் முனைகள் தருவார்கள். இரு காதுத் துளைகளும் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை. இடக்காதுக்கு ஓர் அளவும் வலக்காதுக்கு வேறோர் அளவும் பொருந்தலாம். இயர்போனை விரலால் மெல்ல அழுத்தும்போது தாழ்ந்த ஒலி சட்டென்று கூடினால், முனை சரியாகப் பொருந்தவில்லை என்று அறியலாம். ‘பேஸ் இல்லை’ என்று ஒதுக்கப்படும் பல இயர்போன்களின் குறை இந்த முனையில்தான் இருக்கிறது.

பேருந்தும் ஒலியளவும்

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குத் தினமும் பேருந்தில் செல்லும் மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் இரைச்சலை மீறிப் பாட்டுக் கேட்க ஒலியளவைக் கூட்டுவார். இறங்கிய பிறகுதான் எவ்வளவு உரக்கக் கேட்டோம் என்பது தெரியும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம், சிறுவர்களுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் கூறும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் நேரம் பாதியாகும். அதாவது பெரியவர்களுக்கு 83இல் 20 மணி, 86இல் 10 மணி, 89இல் 5 மணி.

இதற்குத் தீர்வு ஒலியைக் கூட்டுவதன்று, இரைச்சலைக் குறைப்பதே. நன்கு பொருந்திய ரப்பர் முனையே இரைச்சலில் பெரும்பகுதியைத் தடுக்கும். இரைச்சல் நீக்கும் வசதியுள்ள கருவிகள், வெளிச்சத்தத்துக்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி அதை அடக்குகின்றன. வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த அமர் போஸ் 1978இல் ஒரு விமானப் பயணத்தின்போது இவ்வகை ஹெட்போனை உருவாக்க எண்ணினார். அவருடைய நிறுவனம் 1989இல் விமானிகளுக்காக அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எஞ்சின் போன்ற தொடர்ந்த தாழ் இரைச்சலை இது நன்றாக அடக்கும். திடீரென எழும் ஹாரன் ஒலியை அவ்வளவாக அடக்காது. எப்படியாயினும் சாலையில் நடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் காதை அடைத்துக்கொள்வது ஆபத்து.

உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் அழிந்தால் மனிதருக்கு மீண்டும் வளர்வதில்லை. கேட்டு முடித்தபின் காதில் ‘கொய்ங்’ என்ற இரைச்சல் நின்றால், அது அளவு மீறியதற்கான எச்சரிக்கை. ஆகவே குறைந்த ஒலியளவிலும் தெளிவாக ஒலித்து, நெடுநேரம் அணிந்தாலும் உறுத்தாத கருவியையே தரமானதாகக் கொள்ள வேண்டும்.