எஞ்சின் மாறிய கப்பல்

ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் 1906இல் ராமேஜ் அண்ட் ஃபெர்குசன் நிறுவனம் ‘மினோனா’ என்ற நீராவி உல்லாசக் கப்பலைக் கட்டி இறக்கியது. 1967இல் நடிகர்கள் ரிச்சர்ட் பர்ட்டனும் எலிசபெத் டெய்லரும் அதை வாங்கி, மகள்கள் கேட், லிசா, மரியா பெயர்களைச் சேர்த்து ‘கலிஸ்மா’ ஆக்கினார்கள். பின்னாளில் அது தொழிலதிபர் விஜய் மல்லையாவிடம் வந்தது. இப்போது அதில் ஓடுவது டீசல் எஞ்சின். ஆனாலும் அது நீராவிக் காலத்துக் கப்பல்தான். எஞ்சினை விட்டுக்கொடுத்ததால்தான் கப்பல் பிழைத்தது என்பது என் கட்சி.

அக்காலத்து நீராவி எஞ்சின் அருமையான இயந்திரம். பாய்லரில் பிறந்த ஆவி முதலில் சிறிய சிலிண்டரில் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளும். அழுத்தம் குறைந்து விரிந்த அதே ஆவி நடுத்தரச் சிலிண்டரிலும், கடைசியாகப் பெரிய சிலிண்டரிலும் மறுபடி வேலை செய்யும். பிறகு கடல்நீர் ஓடும் குழாய்களில் பட்டுக் குளிர்ந்து, தண்ணீராகிப் பாய்லருக்கே திரும்பும். கடல்நீரையே காய்ச்சினால் உப்புப் படிந்து பாய்லர் கெட்டுவிடும். ஒரு சொட்டையும் வீணாக்காத ஏற்பாடுதான். ஆனால் பாய்லரும் நிலக்கரிக் கிடங்கும் கப்பலின் அகலமான நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டன. கரி அள்ளிப்போட ஆள் வேண்டும், கிளம்பப் பல மணி நேரம் முன்பே நெருப்பு மூட்ட வேண்டும். எந்தச் சீமானுக்கும் இது தீராத செலவு.

கைத்தறி நெசவாளி ஒருவர் இங்கே என்னை மடக்கலாம்: கைத்தறியில் மோட்டாரை மாட்டினால் அது விசைத்தறி, 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டமே இரண்டையும் பிரித்துத்தான் வைக்கிறது, கப்பலுக்கு மட்டும் தனி நியாயமா? வலுவான கேள்வி. தறியில் பலகை அடிக்கும் கையின் அழுத்தம் சேலைக்குள்ளேயே இறங்குகிறது. கையை எடுத்தால் துணியே வேறு. கப்பலில் எஞ்சின் தள்ளுவதோடு சரி. நீரைக் கிழிப்பதும் அலையைத் தாங்குவதும் உடல். 1904இல் கட்டிய ‘மெடியா’ என்ற கப்பல் சான் டியேகோவில் நீராவி எஞ்சினோடு இருப்பது உண்மை; அதைத் தாங்க ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. கலிஸ்மாவுக்கு முதலாளிகள்தான் கதி.

அந்த முதலாளிகளில் ஒருவரான மல்லையாவின் குடும்பத்துப் பீர்த் தொழிலும் கைமாறி வந்ததே. ஸ்காட்லாந்துக்காரரான தாமஸ் லெயிஷ்மன் 1915இல், நீலகிரியின் காசில் ப்ரூவரி உள்ளிட்ட தென்னிந்திய ஆலைகளை இணைத்து யுனைடெட் ப்ரூவரீஸைத் தொடங்கினார். 1947இல் விட்டல் மல்லையா அதன் முதல் இந்திய இயக்குநர். அவர் மகன்தான் விஜய். தன் கிங்ஃபிஷர் விமான நிறுவனத்தின் கடன் பாக்கி நிற்க, 2016இல் நாட்டைவிட்டுப் போனவரிடம் இருந்த விளையாட்டுப் பொருளுக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்று கேட்பவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கடன் கப்பலுடையதல்ல. அதன் எஃகுத் தகடுகளைத் தறையாணி அடித்து இணைத்தவர்கள் லீத் தொழிலாளர்கள். அவர்களுடைய கப்பல்தளம் 1934இல் மூடப்பட்டது. கலிஸ்மாவைப் பழுதுபார்க்க வருகிறவர் முதலில் அளக்க வேண்டியது அந்தத் தகடுகளின் கனத்தைத்தான்.