நுரையீரலைக் காட்டும் ஒலியும் கற்கும் கணினியும்

மூச்சுத் திணறலோடு வரும் நோயாளிக்கு ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்பற்றது. நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா, நிமோனியா கண்டிருக்கிறதா என்பதை மருத்துவர் விரைந்து அறிந்தாக வேண்டும்.

கருவிலிருக்கும் குழந்தையைக் காட்டும் அல்ட்ராசவுண்ட் கருவியை நாம் அனைவரும் அறிவோம். ஒலியலைகள் காற்றை ஊடுருவ மாட்டா என்பதால், நுரையீரலுக்கு அது உதவாது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அக்கருத்தை மாற்றியவர்களுள் முக்கியமானவர் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் டேனியல் லிக்டென்ஸ்டைன். காற்று நிறைந்த நுரையீரலில் ஒலி எதிரொலித்துத் திரையில் படுக்கைக் கோடுகள் தோன்றும்; நீர் சேர்ந்தால் மேலிருந்து கீழாக வெண்கோடுகள் இறங்கும். இத்தகைய அடையாளங்களைக் கொண்டு 260 நோயாளிகளைச் சோதித்ததில், 90.5 விழுக்காடு சரியான முடிவு கிடைத்ததென 2008ஆம் ஆண்டு அவர் வெளியிட்டார்.

ஆனால், இக்கோடுகளைப் படிக்கத் தேர்ந்த கண் வேண்டும். இங்குதான் 'ஆழ்கற்றல்' எனும் கணினி முறை துணைக்கு வருகிறது. மாவிலை எது, பலாவிலை எது என்று குழந்தைக்கு நாம் இலக்கணம் சொல்வதில்லை. பலமுறை காட்டுகிறோம், அது கற்றுக்கொள்கிறது. அவ்வாறே, மருத்துவர்கள் குறித்துக் கொடுத்த படங்களைக் கணினிக்குக் காட்டுகிறார்கள். விடை தவறுந்தோறும் அது தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது.

2020ஆம் ஆண்டு கோவிட் பெருந்தொற்றின்போது, இத்தாலியின் டிரெண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இம்முறையைக் கையாண்டனர். பாதிப்பின் அளவை 0 முதல் 3 வரை மதிப்பிடவும், அது படத்தில் எங்குள்ளது எனச் சுட்டவும் கணினியைப் பழக்கினர். 277 ஒளிக்காட்சிகளிலிருந்து 58,000க்கும் மேற்பட்ட படங்கள் கிடைத்தன. எனினும், அவை அனைத்தும் 35 பேரிடமிருந்து எடுக்கப்பட்டவையே!

இதை நாம் கவனிக்க வேண்டும். ஒருவரின் அடுத்தடுத்த படங்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். பழக்கிய நோயாளியின் படத்தைக் கொண்டே சோதித்தால், கணினி உண்மைக்கு மிஞ்சிய மதிப்பெண் பெற்றுவிடும். ஆகவே, 'எத்தனை படங்கள்?' என்பதைவிட 'எத்தனை மனிதர்கள்?' என்பதே பொருத்தமான கேள்வியாகும்.

மேலும், வெண்கோடுகள் இதயம் பலவீனமுற்றாலும் தோன்றும், நிமோனியாவிலும் தோன்றும். கோட்டைக் கணினி காட்டலாம். காரணத்தை, நோயாளியைத் தொட்டு விசாரித்து அறிபவர் மருத்துவரே. மருத்துவமனைக்குக் கருவி வழங்க எண்ணும் நல்லுள்ளங்கள், அதைக் கையாள்வோரின் பயிற்சிக்கும் உதவினால், அக்கொடை முழுப்பயன் தரும்.