தகரப்பேணியில் எழுந்த நாதம்

யப்பானிய இசை என்றதும் 'கோட்டோ' என்னும் நீண்ட நரம்புக் கருவியும் மூங்கிற் குழலுமே பலர் நினைவுக்கு வரும். ஆனால், அந்நாட்டின் தென்கோடியிலே கிடக்கும் ஒக்கினாவாத் தீவுகளின் இசை தனி மரபினது. 1879இல் யப்பான் தன்னோடு இணைத்துக் கொள்ளும்வரை அத்தீவுகள் றியூக்கியூ என்னும் பெயரால் தமக்கென ஓர் அரசைக் கொண்டிருந்தன.

அவ்விசையின் உயிர் 'சன்சின்' என்னும் மூன்று நரம்புக் கருவி. சீனத்திலிருந்து வந்து, மலைப்பாம்பின் தோல் போர்த்தப்பெற்றது அது. யப்பானியரின் 'சமிசென்' அதன் வழித்தோன்றலே. தீவின் பழம் பாடல்களிற் பெரும்பாலும் ச, க, ம, ப, நி என்னும் ஐந்து சுரங்களே பயில்கின்றன. திருவிழாவிலே சுவாமி புறப்படும்போது நாகசுரத்தில் மல்லாரி கேட்டுப் பழகிய செவிக்கு இவை அந்நியமாகத் தோன்றா. கம்பீரநாட்டையின் சுரங்களும் இவையே.

1945ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் யூன் வரை அத்தீவிலே நிகழ்ந்த போரில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தீவின் குடிமக்களில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் அழிந்தனர். எஞ்சியோர் அமெரிக்கப் படையின் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அங்கே அவர்கள் செய்த காரியம் நெஞ்சை உருக்குவது. படையினர் வீசிய வெற்றுத் தகரப்பேணியைக் குடமாகவும், கட்டில் மரத்தைத் தண்டாகவும், பரசூட் நூலை நரம்பாகவும் கொண்டு சன்சின் செய்தனர். ஒனஹா பூத்தென் என்ற பல் வைத்தியர், தெருயா ரின்சுக்கே என்ற இளைஞரைத் துணையாகக் கொண்டு வீடு வீடாகச் சென்று பாடினார். துக்கம் காக்கும் வேளையிற் பாட்டா என்று திகைத்தவரிடம், உயிர் எஞ்சியதைக் கொண்டாட வந்தோம் என்றார்.

போருக்கு முன்பே அம்மக்களின் மொழிக்கு ஓர் இடர் நேர்ந்திருந்தது. பாடசாலையிலே தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரப்பலகையைத் தொங்கவிடுவர். அவ்வாறு பேசும் வேறொரு பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தாலன்றி அப்பலகை நீங்காது. தோழனைக் காட்டிக் கொடுத்தே தன் மானத்தை மீட்க வேண்டியிருந்த அப்பிள்ளையின் நிலையை ஆசிரியராயுள்ளோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வாறு நாணத்துக்குரியதாக்கப்பட்ட மொழியையே பிற்கால இசைக்குழுக்கள் மேடையேற்றின. 1972 வரை தீவு அமெரிக்க ஆட்சியில் இருந்தமையால், படைத்தளத்தை அடுத்த கோசா நகரில் 'முரசாக்கி' முதலிய றொக் இசைக்குழுக்கள் தோன்றின. மின்கித்தாரின் முழக்கம் இளைஞருக்குப் பழக்கமாயிற்று. கினா சோக்கிச்சி என்பவர் அம்முழக்கத்தோடு நாட்டுப்பாடலைச் சேர்த்தார். அவருடைய குழுவின் பெயர் 'சம்ப்ளூஸ்'. சோயாக் கட்டியும் மரக்கறியும் கலந்து வதக்கும் 'சம்புரு' என்னும் தீவுக் கறியிலிருந்து பிறந்த பெயர் அது. மாணவப் பருவத்தில் அவர் இயற்றிய, ஊர்க் கிழவர் ஒருவரை விளிக்கும் வேடிக்கைப் பாட்டு யப்பான் எங்கும் பரவியது. 1980இல் வெளியான 'ஹனா' என்னும் அவரது மலர்ப் பாடல் பல ஆசிய மொழிகளில் பாடப்பெற்றது.

முகாம்காலத்து ரின்சுக்கேயின் மகன் ரின்கென், 1977இல் 'ரின்கென் பான்ட்' என்னும் குழுவைத் தொடங்கினார். புதிய பாடல்களையும் தீவு மொழியிலேயே ஆக்கிப் பாடினார். தந்தையார் துக்க வீடுகளிற் பாடிய மொழி, மகன் காலத்திலே தலைநகர் அரங்குகளில் ஒலித்தது. 1990இல் நான்கு பெண்களைக் கொண்டு 'நேனேஸ்' குழு அமைந்தது. தீவு வழக்கில் அப்பெயர் 'அக்காமார்' எனப் பொருள்படும். இசிகாக்கித் தீவைச் சேர்ந்த 'பிகின்' குழுவும் அதே ஆண்டில் அறிமுகமாயிற்று.

எனினும், முழுவெற்றி என்று மகிழ்வதற்கில்லை. 2009இல் யுனெஸ்கோ நிறுவனம் ஒக்கினாவா மொழியை அழியும் ஆபத்திலுள்ள மொழிகளுள் ஒன்றாகக் குறித்தது. பாட்டிலே அம்மொழியைப் பாடும் இளையோருட் பலர் வீட்டிலே அதைப் பேச அறியார்.

அங்கே விழாவின் முடிவில் 'கச்சாசி' என்னும் ஆடல் நிகழும். முதியவரும் சிறுவரும் கைகளைத் தலைக்குமேல் உயர்த்தி, விரைந்தொலிக்கும் சன்சினுக்கு இசைய ஒன்றாக ஆடுவர். பாட்டு ஒரு மொழியைச் சாகாமற் காத்து வைக்கலாம். அதை வாழ வைக்கும் பொறுப்பு, ஆடி முடித்து வீடு திரும்புவோருடையது.