லயத்திலிருந்து ஹேக் நகருக்கு

நமுனுகுல மலைச்சாரலிற் பிறந்த பிள்ளையொன்று, "சர்வதேச சட்டம் படிக்கப் போகிறேன்" என்றால், "அது நமக்கு எதற்கு?" என்று பெற்றோர் கேட்பது இயல்பே. ஆனால், அச்சட்டம் நமது லயத்து வாசலுக்கு என்றோ வந்துவிட்டது.

1948 நவம்பர் 15இல் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் அமுலுக்கு வந்தது. தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். இருபத்தைந்து நாள் கழித்து, ஒவ்வொருவருக்கும் பிரஜாவுரிமை உண்டென ஐக்கிய நாடுகள் சபை பிரகடனஞ் செய்தது! 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டன. 2003இல் இயற்றப்பட்ட சட்டமே, இங்கு நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்கு வழி திறந்தது.

இத்துறையில் ஏட்டறிவு மட்டும் போதாது. ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம், இளஞ் சட்டப் பட்டதாரிகளுக்கு ஏறக்குறைய பத்து மாதப் பயிற்சி அளிக்கிறது. நீதிபதியொருவரின் கீழிருந்து அவர்கள் வழக்குகளை ஆராய்வர். அவர்களைப் பிரேரிப்பது அவரவர் சர்வகலாசாலை, செலவும் அதனுடையதே. வறிய நாட்டவருக்கு இது எட்டாக்கனியாய் இருந்தமையால், 2020இல் ஐ.நா. பொதுச்சபை தனி நிதியமொன்றுக்கு வழிசெய்தது.

நம் நாட்டு நீதியரசர் வீரமந்திரி, 1997 முதல் 2000 வரை அந்நீதிமன்றத்தின் உப தலைவராய் வீற்றிருந்தார் என்பதையும் மறத்தலாகாது.

ஆதலின் பெற்றோரே, பிள்ளையின் ஆசைக்குத் தடை போடாதீர்கள். பெட்டியிலுள்ள தாத்தாவின் பழைய பிரஜாவுரிமைப் பத்திரத்தை எடுத்துக் கையிற் கொடுங்கள். முதற் பாடம் அதுவே.