அடுப்புப் புகையும் நோய்க் கணக்கும்

விறகு, வறட்டி, பருத்திமார் முதலியவற்றை எரித்துச் சமைக்கும் வீடுகளில் புகையினால் கண்ணெரிச்சலும் இருமலும் உண்டாவது குடியானவர் யாவரும் அறிந்ததே. ஆயின், அப்புகையினால் நேரும் மரணங்கள் எத்தனை என்பது மரணப் பதிவில் அகப்படாது. மாரடைப்பு, பக்கவாதம், நிமோனியா என்று எழுதப்படுமேயன்றிப் புகை என்று எழுதப்படுவதில்லை. ஆகவே இந்நஷ்டத்தை வேறு முறையால் மதிப்பிடுகின்றனர்.

அம்முறைக்கு இரண்டு விவரங்கள் வேண்டும். புகையடுப்புள்ள வீடுகள் நூற்றுக்கு எத்தனை என்பது ஒன்று. அவ்வீட்டாருக்கு ஒரு வியாதி மற்றவரைக் காட்டிலும் எத்தனை மடங்கு வருகிறது என்பது மற்றொன்று. உதாரணமாக, 100 வீடுகளில் 60 வீடுகள் புகையடுப்புள்ளவை என்றும், அவற்றில் வியாதி இருமடங்கு என்றும் வைத்துக்கொள்வோம். புகையில்லாத 40 வீடுகளுக்கு 40 பங்கு, மற்ற 60 வீடுகளுக்கு 120 பங்கு, ஆக 160. புகையே இல்லாவிடில் 100 பங்கே இருக்கும். மிகுதி 60 பங்கும் புகையால் வந்தது; அதாவது 16 நோயாளிகளில் 6 பேர். இவ்வகைக் கணக்கைக் கொண்டே உலக சுகாதார ஸ்தாபனம், 2020ம் வருஷத்தில் வீட்டுப் புகையால் 32 லக்ஷம் பேர் இறந்தனரென்றும், அவர்களில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் 2,37,000க்கு மேற்பட்டவரென்றும் மதிப்பிட்டது.

இக்கணக்கில் பிழை நுழைய எளிதான இடம் முதல் விவரமே. எரிவாயு உருளை உள்ள வீட்டிலும் வெந்நீர் போடவும் நெல் அவிக்கவும் விறகு எரிவதுண்டு. உருளைகளை எண்ணினால் புகையை எண்ணியதாகாது.

ஆகையால் மனிதர் சுவாசிக்கும் புகையையே அளந்து பார்த்தனர். 2018ல் தொடங்கி இந்தியா, கவாதமாலா, பெரு, ருவாண்டா தேசங்களில் சுமார் 3,200 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆராய்ச்சியில் தமிழ்நாட்டுக் கிராமங்களும் சேர்ந்திருந்தன. விறகு முதலியன எரித்தோர் சுவாசித்த காற்றில் நுண்தூசி கன மீட்டருக்குச் சுமார் 71 மைக்ரோகிராம். எரிவாயு அடுப்பு பெற்றோருக்குச் சுமார் 24. எனினும் குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை என்று 2022ல் வெளியான முடிவு கூறிற்று. அந்த 24ம்கூட, 2021ல் உலக சுகாதார ஸ்தாபனம் வருஷ சராசரிக்கு விதித்த 5 என்ற அளவினும் மிகுதியே.

கிராம அதிகாரிகள் கணக்கெடுப்பின்போது பிரதான எரிபொருளோடு நில்லாது, வீட்டில் எரியும் யாவற்றையும் விசாரித்துக் குறிப்பது நலம். குடியானவர்கள் சாணத்தை எருக்குழிக்கோ சாண எரிவாயுக் கலத்துக்கோ அனுப்புவார்களாக. விறகை விடமுடியாதவர்கள் நன்கு உலர்ந்ததையே எரித்து, புகைபோக்கி அமைத்து, குழந்தைகளை அடுப்பங்கரையினின்று விலக்கி வைத்தல் வேண்டும்.