தவறு நேர்ந்த பிறகு ஒரு தாதி

2017 டிசம்பரில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் மருத்துவமனையில் ராடாண்டா வாட் என்ற தாதி, மருந்து வழங்கும் இயந்திரத்தில் இரண்டே எழுத்துகளைத் தட்டினார். பதற்றம் தணிக்கும் மருந்துக்குப் பதிலாக, தசைகளை முடக்கும் வெகுரோனியம் கைக்கு வந்தது. 75 வயது மூதாட்டி இறந்துபோனார்.

வாட் எதையும் மறைக்கவில்லை. ஆயினும் வேலை போனது, தாதி உரிமம் போனது. 2022 மார்ச்சில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. மே மாதம் 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. உண்மையைச் சொன்னவருக்கே இந்தக் கதியென்றால் இனி யார் வாய் திறப்பார்கள் என்று தாதியர் பலர் கலங்கினார்கள். அந்தக் கலக்கம் நியாயமானது.

உயிரை இழந்தவரும் அவர் குடும்பமும்தான் முதலில் பாதிக்கப்பட்டவர்கள். அதில் மாற்றுக் கருத்தே இல்லை. தவறிழைத்தவரை ‘இரண்டாவது பாதிப்பாளர்’ என்று 2000இல் எழுதினார் மருத்துவர் ஆல்பர்ட் வூ. இசிஜியில் ஆபத்தைக் கவனிக்கத் தவறிய சக பயிற்சி மருத்துவருக்கு, உடன் பணியாற்றியவர்களிடம் ஆறுதலே கிடைக்காததை அவர் கண்டிருந்தார்.

இப்படித் தவறிழைத்தவர்களுக்குத் தூக்கம் கெடும். அடுத்த ஊசியை எடுக்கையில் கை நடுங்கும். சிலர் வேலையையே விட்டுவிடுகிறார்கள்.

அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழக மருத்துவமனையில், பயிற்சி பெற்ற சக ஊழியர்களே இப்படிப்பட்டவரைத் தேடிச் சென்று பேசுகிறார்கள். மலேசியாவின் யான் போன்ற சிற்றூர் மருத்துவமனைகளுக்கும் இது அவசியம்: நோயாளியின் உறவினரை மறுநாளே சந்தையில் பார்க்க நேரிடும். மலேசியாவில் மனச்சுமையைப் பேச, சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ உதவி எண் 15555 இருக்கிறது.