தட்டைத் தொட்ட கை

கேசட் வருவதற்கு முன்பு ஊர்த் திருவிழாவில் மைக் செட் போட்டவரைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ரெக்கார்டுப் பெட்டிப் பக்கம் ஒரு பையனையும் அண்ட விடமாட்டார். தட்டை ஓரத்தில் பிடித்து எடுப்பார். ஊசியைப் பூப்போல வைப்பார். விரல் பட்டால் கீறல் விழும், பாட்டு கெட்டுவிடும். எல்லா நாட்டிலும் அதுதான் வழக்கம். அந்த வழக்கத்தை மீறி, சுற்றிக்கொண்டிருக்கும் தட்டின் மேலேயே விரலை வைத்தார் ஒரு கறுப்பின இளைஞர். ஹிப்ஹாப் இசையை உருவாக்கிய கைகளில் அவருடைய கையும் ஒன்று.

அவர் பெயர் ஜோசப் சாட்லர். கரீபியன் தீவான பார்படோஸில் 1958 ஜனவரி 1 அன்று பிறந்தவர். குடும்பம் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் குடியேறியது. அப்பாவிடம் இசைத்தட்டுகள் நிறைய இருந்தன. மகன் தொட்டால் அடி விழும். அம்மா தையல் தொழிலாளி. பையனோ வீட்டில் இருந்த மின்சாதனங்களைப் பிரித்துப் போட்டு உள்ளே பார்ப்பவன். தொழிற்கல்விப் பள்ளியில் சேர்ந்து எலெக்ட்ரானிக்ஸ் படித்தான். நம்மூர் ஐடிஐ மாணவர்கள் இதைக் கவனிக்கலாம்.

அன்றைய பிராங்க்ஸ், கைவிடப்பட்ட ஊர். குடியிருப்புகளை இடித்து நடுவே விரைவுச் சாலை போட்டிருந்தார்கள். காப்பீட்டுப் பணத்துக்காகக் கட்டட உரிமையாளர்களே தீ வைத்த வீடுகள் வரிசையாக நின்றன. அங்கிருந்த கறுப்பின, லத்தீன் இளைஞர்கள் பூங்காவில் ஸ்பீக்கர்களை அடுக்கி, தெருவிளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் இழுத்து ஆடினார்கள். கொக்கி போடும் வித்தை அங்கேயும் தெரிந்திருக்கிறது.

ஆடுபவர்கள் காத்திருந்தது பாட்டுக்காக அல்ல. பாட்டின் நடுவே குரல் நின்று டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளுக்காக. 1973இல் ஜமைக்காவிலிருந்து வந்த கூல் ஹெர்க் என்பவர் அந்தத் துண்டுகளையே தேடிப் போட ஆரம்பித்தார். ஆனால் ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது தாளம் தவறும். சாட்லருக்கு அது உறுத்தியது.

ஒரே தட்டில் இரண்டு பிரதிகள், இரண்டு ரெக்கார்டு பிளேயர்கள். டிரம்ஸ் தொடங்கும் இடத்தைத் தட்டின் மேல் கிரேயானால் கோடு போட்டுக் குறித்துக்கொண்டார். முதல் தட்டில் அந்தத் துண்டு ஓடும்போதே இரண்டாவது தட்டை விரலால் பின்னோக்கிச் சுற்றுவார். எத்தனை சுற்று என்று எண்ணி வைத்திருப்பார். முதல் துண்டு முடியும் நொடியில் இரண்டாவது தொடங்கும். மறுபடி முதலாவது. பத்து நொடித் துண்டு பத்து நிமிடமானாலும் தாளம் பிசகாது. அடுத்த தட்டைத் தான் மட்டும் முன்கூட்டியே ஹெட்போனில் கேட்க ஒரு சுவிட்சைத் தானே பொருத்தினார். தட்டு வழுக்கிச் சுழல, ஃபெல்ட் துணியை வட்டமாக வெட்டி, கஞ்சி போட்டு இஸ்திரி செய்து அடியில் விரித்தார். தையல்காரர் வீட்டுப் பிள்ளைக்கு எந்தத் துணி வழுக்கும் என்று தெரியாதா? அவர் கை வேகத்துக்குக் கிடைத்த பெயர்தான் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ்.

முதல்முறை இதைப் பூங்காவில் செய்து காட்டியபோது கூட்டம் ஆடவில்லை. அசையாமல் நின்று அவர் கையையே பார்த்தது. வீட்டுக்குப் போய் அழுததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கூட்டத்தை ஆட வைக்க ஒருவரிடம் மைக்கைக் கொடுத்தார். அப்படி வந்து சேர்ந்த ஐவர்தான் ஃபியூரியஸ் ஃபைவ்.

பிறகு நடந்தது பெயர்ச் சிக்கல். அவர் பெயரைப் பிராங்க்ஸுக்கு வெளியே பலரும் முதலில் கேட்டது, 1981இல் பிளாண்டி என்ற வெள்ளையர் குழுவின் வெற்றிப் பாடலில். ஃபிளாஷ் அதே தட்டை எடுத்துத் தன் இசையில் ஒரு துண்டாகச் சேர்த்துக்கொண்டார். 1982இல் வந்த ‘தி மெசேஜ்’ பாடல் ஏழைக் குடியிருப்புகளின் வாழ்க்கையைச் சொன்னது. உலகம் முழுக்க ஒலித்தது. 2002இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கத் தேர்ந்தெடுத்த முதல் 50 ஒலிப்பதிவுகளில் அதுவும் உண்டு. அந்தத் தட்டின் மேல் ஃபிளாஷின் பெயர் இருந்தது. உள்ளே அவர் கை இல்லை. ஸ்டூடியோ இசைக்கலைஞர்களை வைத்தே நிறுவனம் அதை முடித்துவிட்டது. மேடையில் வேண்டியிருந்த கை, ஒலிப்பதிவுக் கூடத்தில் வேண்டாததாகிவிட்டது. தனக்குச் சேர வேண்டிய பங்குத்தொகை வரவில்லை என்று 1983இல் 50 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். குழு உடைந்தது.

2007இல் ‘ராக் அண்டு ரோல் ஹால் ஆஃப் ஃபேம்’ சேர்த்துக்கொண்ட முதல் ஹிப்ஹாப் குழு அவர்களுடையது. 2019இல் ஸ்வீடனின் போலார் இசைப் பரிசு ஃபிளாஷுக்குக் கிடைத்தது. இரண்டும் நல்ல செய்திதான். வர எவ்வளவு காலம் ஆனது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

சாவு வீடானாலும் கோயில் திருவிழாவானாலும் நம் ஊர்களில் பறை வேண்டும். அடித்தவர் பெயரை எந்த நோட்டீஸில் பார்த்திருக்கிறோம்? 2018 ஜனவரியில் சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடை ஏறியபோது கானாவும் பறையும் ராப்பும் ஒன்றாக நின்றன. பாடியவர்களை நமக்குத் தெரியும். அந்த ஒலியைச் சேர்த்துக் கட்டிய இசையமைப்பாளர் டென்மாவை எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த மேடையில் நின்ற அறிவுக்கே 2021இல் என்ன நடந்தது? ‘எஞ்சாயி எஞ்சாமி’யை எழுதி, சேர்ந்து பாடியவர் அவர். அந்தப் பாடலைக் கொண்டாடிய ஓர் ஆங்கில இசை இதழின் அட்டையில் அவர் படம் இல்லை. இயக்குநர் பா.இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பிய பிறகுதான் அது பேச்சானது.

கணினியில் பீட் கட்டிப் பழகும் மாணவர்கள் ஒன்று செய்யலாம். 1981இல் ஃபிளாஷ் வெளியிட்ட ‘தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் ஆன் தி வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்’ இணையத்தில் கிடைக்கிறது. ஏறக்குறைய 7 நிமிடம். மூன்று ரெக்கார்டு பிளேயர்களை வைத்து, வெட்டி ஒட்டாமல், கையாலேயே வாசித்த பதிவு. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். தட்டு விரலுக்கடியில் உரசும் சத்தம் கேட்கும்.